மட்டக்களப்பில் கடவுளை விட்டவர்கள்

கரூரில் ஒரு பகுத்தறிவுப் பத்திரிகைக்கு நான் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஆசிரியருக்கும் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கும் மேடையில் வாக்குவாதம் வந்தது. "எவனும் யோசித்து நாத்திகன் ஆவதில்லை. யார் மேலோ உள்ள கோபத்தைக் கடவுள் மேல் காட்டுகிறான். காரணங்களைப் பிறகு தேடிக்கொள்கிறான்" என்றார் பேராசிரியர். எங்கள் ஆசிரியருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அச்சடித்தார். நாத்திகர்களிடம் கொடுத்து, எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுதி வாங்கி, புத்தகமாகப் போட்டு, பேராசிரியரின் முகத்தில் கரியைப் பூசுவது திட்டம்.

உள்ளூர் ஆட்கள் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். "நம்ம ஆளுங்க கதை நமக்கெல்லாம் தெரியுமேய்யா" என்றார். அதை ஏன் ஒரு குறையாகச் சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயம் ஓர் அகராதிக்கு மெய்ப்பு பார்க்க நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து ஒரு வாரம் மீந்தது. மட்டக்களப்பில் எங்கள் பத்திரிகைக்கு மூன்று வாசகர்கள் இருந்தார்கள். "மட்டக்களப்பு வாசகர் வட்டம்" என்று கடிதத் தலைப்பில் போட்டுக்கொள்வார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலம். இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று கொழும்பில் சொன்னார்கள். அடங்கியிருப்பது என்றால் என்ன என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் மக்கள் பேச்சை நிறுத்துவார்கள், ஓடமாட்டார்கள்.

பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரரின் பெயர் றபீக். காத்தான்குடிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். நாவற்குடாவில் தங்கராசா மாஸ்டர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன்.

"கோயிலுக்கு வந்தீங்களா அண்ணன்? நாலாம் நாள் ஆடி அமாவாசை. அமிர்தகழியில கால் வைக்க இடமிருக்காது."

இல்லை, கடவுள் இல்லை என்று சொல்பவர்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அதுக்கும் ஆள் இருக்கா? சங்கமா?"

"ஆமாம்."

"தலைவரு இருக்காரா?"

"இருக்கிறார்."

"புத்தகம்?"

"நிறைய."

"அப்ப எங்களப் போலத்தானே" என்று சொல்லி, மிகவும் நிம்மதியடைந்தவராக வண்டியை ஓட்டினார்.

கல்லடிப் பாலத்துக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. கீழே வாவி சத்தமில்லாமல் கிடந்தது. கச்சான் என்னும் மேல்காற்று சட்டையைப் பிய்த்தது. பாலத்து முனையில் இருந்த சிப்பாய் எங்களைப் பார்த்துத் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். றபீக் இறங்கி பிளக்கைக் கழற்றி, சாரத்து நுனியால் துடைத்து, மாட்டி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி இழுத்தார். வண்டி கிளம்பியது.

"உங்கட ஆக்கள் வண்டி கிளம்பாட்டி என்ன சொல்லுவாங்க அண்ணன்?"

"ஒன்றும் சொல்லமாட்டோம். பிளக்கைத் துடைப்போம்."

"நானும் துடைச்சிப்போட்டுத்தானே சொன்னன்" என்றார்.

தங்கராசா மாஸ்டர் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மெலிந்த, நிமிர்ந்த மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் ஒரு சோக்குக் கட்டி. அவருடைய மனைவி பவளம் அக்கா என்னைக் கண்டதும் "வாங்க தம்பி, இரிங்க. முதல்ல சோறு தின்னுங்க, மறுகா அந்தப் புதினங்களப் பேசலாம்" என்றார். எங்கள் ஊரில் விருந்தாளியைத் தின்னச் சொன்னால் சண்டை வரும். இங்கே அது உபசாரம். வாவி இறால், முருங்கைக்கீரை, தேங்காய்ப்பாலில் மஞ்சளாக ஓர் ஆணம். குழம்பை ஆணம் என்கிறார்கள். மூன்று வாரமாக அகராதியில் "வழக்கொழிந்த சொல்" என்று குறி போட்ட வார்த்தைகளை எனக்கு இங்கே கரண்டியில் அள்ளி ஊற்றினார்கள்.

சாப்பிட்ட பின் மாஸ்டர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கரும்பலகைக்கு முன்னால் நின்றார். வீட்டுக்குள் கரும்பலகை வைத்திருந்த ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

"எல்லாம் வல்லவர், எல்லாம் அறிஞ்சவர், எல்லாரிலயும் அன்பானவர். இந்த மூண்டையும் சமன்பாட்டுக்கு இடப்பக்கம் போடுங்க. வலப்பக்கத்தில மட்டக்களப்பப் போடுங்க. சமன் வருதா?"

"வரவில்லை."

"அவ்வளவுதான். கோவமில்ல, தாபமில்ல. சுத்தமான கணக்கு."

எனக்குப் புல்லரித்தது. இதைத்தானே தேடி வந்தேன். அவருடைய படிவம் தபாலில் வந்த அன்றே நிரப்பப்பட்டிருந்தது. கையெழுத்து அச்சு மாதிரி. மூன்று இடத்தில் "இயக்கம்" என்ற சொல்லை அடித்துவிட்டு "அமைப்பு" என்று திருத்தியிருந்தார். மெய்ப்புக்காரன் அச்சிட்டதை வாசகர் திருத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. பேசாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

பவளம் அக்கா தேத்தண்ணியை வைத்தார். "தம்பி, அந்தத் தாளில இதையும் எழுதுங்க. வண்ணக்கர் வேலை கிடைச்சிருந்தா இந்தக் கணக்கச் செய்திருப்பாரா எண்டு."

மாஸ்டர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

கோயிலின் பொறுப்பை வகிப்பவரை இங்கே வண்ணக்கர் என்கிறார்கள். அது குடிவழியில் வரும் பதவி. குடி தாய்வழியில் வருவது. ஊரில் உள்ள ஒரு சின்னக் கோயிலுக்கு மாஸ்டரின் குடியிலிருந்து ஒருவர் வண்ணக்கராக வேண்டியிருந்தது. முறைப்படி வயதில் மூத்த மாஸ்டருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் அவருடைய சின்னம்மாவின் மகன் நல்லதம்பியைத் தேர்ந்தார்கள். மாஸ்டர் எல்லாவற்றிலும் பிழை பிடிப்பார் என்பது காரணம். அதன் பிறகு பத்தொன்பது வருடம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான். கூட்டம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கடவுள் இல்லை என்று மாஸ்டர் கண்டுபிடித்தது அடுத்த புதன்கிழமை.

"அது தற்செயல்" என்றார் மாஸ்டர்.

நான் படிவத்தில் "நடுநிலையான விசாரணை" என்று எழுதிக்கொண்டேன். பேராசிரியருக்குப் பவளம் அக்காவைத் தெரியாது.

இரண்டாம் நாள், வட்டத்தின் அடுத்த உறுப்பினர் வேலாப்போடியைப் பார்க்கக் கிளம்பினேன். அவர் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கிறார். இக்கரை அரசின் கையில், அக்கரை மற்றவர்கள் கையில். மாஸ்டருக்கு முழங்கால் வலி, கூட வரமுடியவில்லை. "தாளக் கொண்டு போகாதீங்க தம்பி. கேட்டு மனசில வச்சிட்டு வாங்க" என்றார் இரண்டு தடவை. ஆவணம் இல்லாமல் எப்படி ஆதாரம் என்று நினைத்து, தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

றபீக் துறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார், திரும்பும்வரை நிற்பதாகவும் சொன்னார். வாவியைக் கடக்க "பாதை" இருக்கிறது. பாதை என்றால் இங்கே சாலை இல்லை. நீரில் மிதந்து ஆளையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் கடத்தும் பெரிய தட்டை. இக்கரையில் சிப்பாய்கள் எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்டு, பையை மேலாகத் தடவிவிட்டு விட்டார்கள். அக்கரையில் வேறு சிலர் அதே இரண்டு கேள்வியைக் கேட்டார்கள். பாதையில் பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, இரண்டு கரையிலும் ஒரே பதிலைச் சொல்வதுதான் பாதுகாப்பு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலாப்போடி பெரிய வேளாண்மைக்காரர். நெல் வயல் பரப்பை வட்டை என்கிறார்கள். அவருடைய வட்டை கண்ணுக்கு எட்டும் வரை கிடந்தது. படிவத்தை அவர் வாசிக்கவில்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார், நான் எழுதினேன்.

"ஒரு மாரியில, கோயில்ல தெய்வமாடுறவரிட்டக் கேட்டன், எப்ப வெட்டலாம் எண்டு. பத்து நாள் பொறு, மழை வராது எண்டு அம்மன் சொல்லிச்சு. பொறுத்தன். நாலாம் நாள் வந்திச்சு மழை. கதிரெல்லாம் தண்ணிக்குள்ள. அண்டைக்கே முடிவெடுத்தன். தெய்வம் இல்ல."

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல் இருந்தது. முன்கூட்டிச் சொன்னது பொய்த்தது, ஆகவே கோட்பாடு தவறு. விஞ்ஞானம் வேறென்ன. "பரிசோதனை முறை" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அப்போதுதான் அவர் கையில் இருந்த தாயத்தைப் பார்த்தேன்.

"இதுவா? அது செய்வினைக்கு. பக்கத்து வட்டைக்காரன் செய்து வச்சிட்டான். இல்லாட்டி அந்த மழை என்னத்துக்கு வாற?"

"தெய்வம் இல்லை என்றீர்களே?"

"தெய்வம் இல்ல. அது முடிஞ்ச கதை. செய்வினை இருக்கு. கண்ணால பாத்திருக்கன்."

போகும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் கட்டிக் கொடுத்தார். ஓர் எலுமிச்சம்பழத்தையும் என் சட்டைப் பையில் திணித்தார். "தண்ணியில போறீங்க. இது கிடக்கட்டும்." மரியாதைக்கு மறுக்கவில்லை.

இக்கரையில் இறங்கியபோது மாலை மூன்று மணி. சோதனைச் சாவடியில் காலையில் இருந்தவர்கள் மாறியிருந்தார்கள். இந்த முறை பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். தாள்களை எடுத்த சிப்பாய், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டான். அவர் நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர், மணிக்கட்டில் வெள்ளை நூல். எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்.

"கேள்வி நான்கு. நீங்கள் எந்த ஆண்டு இயக்கத்தில் சேர்ந்தீர்கள்?"

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"கேள்வி ஐந்து. உங்களை இயக்கத்துக்கு அழைத்து வந்தவர் யார்? கேள்வி ஏழு. குடும்பத்தில் எதிர்ப்பு இருந்ததா? கேள்வி ஒன்பது. உங்கள் பகுதியில் இயக்கத்தை வளர்க்க என்ன செய்யலாம்?" ஒன்பதாவதற்கு வேலாப்போடியின் பதில் என் கையெழுத்திலேயே இருந்தது: "வட்டைக்குள் இரகசியமாகக் கூட்டம் வைக்கலாம்."

இருபது வருடமாக மெய்ப்பு பார்ப்பவன் நான். ஒற்றுப் பிழை என் கண்ணுக்குத் தப்பாது. எங்கள் ஊரில் மேடை, மைக், மாலை என்று பொருள்படும் ஒரு சொல், இந்த நாட்டில் துப்பாக்கி ஏந்தியவர்களைக் குறிக்கிறது என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. மாஸ்டர் மூன்று இடத்தில் அதை அடித்துத் திருத்தியிருந்தார். நான் கோபித்துக்கொண்டேன்.

தகரக் கொட்டகைக்குள் உட்காரவைத்தார்கள். "மதம்?" என்று கேட்டார் சார்ஜன்ட். "இந்து" என்று உடனே சொன்னேன். அவ்வளவு வேகமாக அந்தப் பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. பிறகு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. இது வேறு இயக்கம், கடவுள் இல்லை என்று சொல்கிற இயக்கம், ஆயுதம் ஒன்றும் இல்லை, பத்திரிகை மட்டும்தான்.

அவர் நம்பவில்லை. அவருடைய தமிழ் தட்டுத்தடுமாறியது. இங்கே திருத்தி எழுதுகிறேன், தொழில்புத்தி.

"கடவுள் இல்லை என்று நீங்கள் எப்போது முடிவு செய்தீர்கள்?"

"பதினேழு வயதில். புத்தகங்கள் படித்தேன்."

"எந்தப் புத்தகம் முதலில்?"

சொன்னேன்.

"அதை எப்போது படித்தீர்கள்?"

"கல்லூரியில்."

"பதினேழு வயதில் கல்லூரியா?"

"இல்லை. பத்தொன்பது."

"அப்படியானால் பதினேழில் என்ன நடந்தது?"

பொய் சொல்கிறவனின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. ஆசிரியரின் பன்னிரண்டு கேள்விகளில் இந்தக் கேள்வி இல்லை. இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

பள்ளிக்கூட நாடகத்தில் நான் ராஜாவாக நடிக்க இருந்தேன். ராணி, பக்கத்துப் பெண்கள் பள்ளியிலிருந்து வந்தவள். நாடகத்துக்கு மூன்று நாள் முன்பு, என் பரீட்சைக்காக வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, அப்பா என்னைப் பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்தார். மொட்டைத் தலையில் கிரீடம் நிற்கவில்லை. இரண்டாம் காட்சியில் அது கண்ணை மூடிக் கழுத்துக்கு இறங்கியது. ராணி சிரித்ததில் நாடகம் நின்றது. அன்று வீட்டுக்குப் போய், முருகன் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

இதையெல்லாம் அந்தச் சார்ஜன்டிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரியிடம் போய்ச் சிங்களத்தில் சொன்னார். தலையைத் தடவிக் காட்டி, கிரீடம் இறங்குவதைக் கையால் காட்டியதிலிருந்து எந்தப் பகுதியைச் சொல்கிறார் என்று தெரிந்தது. வெளியே நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்தார்.

"நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இது யோசித்து வந்த முடிவும் இல்லை. இது மொட்டை."

அப்போது அவர் என் சட்டைப் பையைத் தொட்டு, எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்தார்.

நம்பினாலும் விடவில்லை. நான் யார் என்று சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் உள்ளே போனதைப் பார்த்த றபீக் அதற்குள் நாவற்குடாவுக்கு வண்டியை விரட்டியிருந்தார். ஐந்தரை மணிக்கு அந்த ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவர் எனக்குத் தெரியாதவர். வெள்ளை வேட்டி, வெற்று மேல், தோளில் சால்வை, நெற்றியிலும் மார்பிலும் கையிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் இறங்கினார்.

திருநீற்றைக் கண்டதும் சார்ஜன்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். அதிகாரியும் வெளியே வந்தார். இவர் திருவிழாவுக்கு அனுமதி கேட்டுப் பலமுறை இவர்களிடம் வந்தவர், வாழைப்பழமும் பொங்கலும் கொண்டுவந்து கொடுத்தவர். நல்லதம்பி வண்ணக்கர்.

"இவர் எங்கட ஆள். எங்கட வீட்டில நிக்கிறார்" என்றார்.

"இவர் கடவுள் இல்லை என்கிறாரே" என்றார் சார்ஜன்ட்.

வண்ணக்கர் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. "அதுக்கென்ன. எங்கட குடும்பத்திலயும் ஒருத்தர் அப்பிடி இருக்கார். என்ட அண்ணன். இந்தா நிக்கிறார்."

மாஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாள்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வேலாப்போடியின் தாளில் பெயர் எழுதும் இடத்தை நான் மறந்துவிட்டிருந்தேன். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மறதிதான். தயிர்ச் சட்டியையும் பழத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். வழியில் யாரும் பேசவில்லை. வண்ணக்கரின் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, மாஸ்டர் தயிர்ச் சட்டியைத் தம்பியிடம் நீட்டினார். "எருமைத் தயிர். உனக்கு விருப்பம்" என்றார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுவா, என்னை மீட்கப் போய்க் கேட்டபோது பேசினாரா என்று பின்னால் கேட்டேன். மீட்கக் கேட்டபோது பேசவே இல்லையாம். போய் முற்றத்தில் நின்றிருக்கிறார். தம்பி சால்வையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை வண்ணக்கரே வீட்டுக்கு வந்தார். அவர்கள் குடியைச் சேர்ந்த இன்னொரு வண்ணக்கர் இறந்துபோய் இடம் காலியாக இருக்கிறது, அண்ணன் வந்தால் நல்லது, கோயில் காரியங்களில் பிழை பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்றார். மாஸ்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பவளம் அக்கா சமையலறையில் பாத்திரம் ஒன்றைக் கீழே போட்டார்.

அவர் போனதும் மாஸ்டர் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். "தம்பி, ஒரு விசயம் சொல்றன். அவள் சொன்னது சரிதான். கோவத்திலதான் நான் இதைத் தொடங்கின. இப்ப கோவம் இல்ல. நேத்தோட போயிட்டுது. அப்ப இந்தக் கணக்க முதல்ல இருந்து ஒருக்காச் செய்து பாக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டார். நானும் பவளம் அக்காவும் வெளியே காத்திருந்தோம், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள் மாதிரி. உள்ளே சோக்கு கீறும் சத்தம், பிறகு நீண்ட அமைதி, மறுபடி சோக்கு. பிட்டும் மீன் ஆணமும் ஆறிப்போயின. இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. தலைமயிரில் வெள்ளைத் தூள்.

"விடை அதேதான்" என்றார் மாஸ்டர்.

பவளம் அக்கா அழத் தொடங்கிவிட்டார். "பத்தொம்பது வருசமா இவருக்குக் கோவம்தான், வேற ஒண்டுமில்ல எண்டு நான் நிம்மதியா இருந்தன் தம்பி. இப்ப மெய்யாவே இல்லையெண்டு சொல்றாரே."

எனக்கு அந்த நேரத்தில் பேராசிரியர் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. கோபத்தில் தொடங்கியவர் கோபம் போன பிறகும் அங்கேயே நிற்கிறார். இதை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுத என்னிடம் தாளும் இல்லை. மாஸ்டர் தொடர்ந்தார். நம்பாதவன் அந்த இடத்தில் நிற்பது நேர்மையில்லை, தம்பியிடம் முடியாது என்று நாளைக்குச் சொல்லிவிடப்போவதாகச் சொன்னார்.

மறுநாள் ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, தீர்த்தமாடி, பிதிர்க்கடன் செய்யும் நாள். விடியும்போதே ஊர் முழுக்க அமிர்தகழிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. பவளம் அக்காவும் மாஸ்டரோடு பேசாமலே கிளம்பிப் போனார். எந்த வீட்டுப் புகையிலும் மீன் வாசம் இல்லை. மட்டக்களப்புக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று மூன்று நாள் அங்கே சாப்பிட்ட எனக்குத் தெரியும்.

மாஸ்டர் என்னை வட்டத்தின் மூன்றாவது உறுப்பினரிடம் கூட்டிப்போனார். செல்வராணி என்ற பெண். வாவிக்கரையில் வீடு. மூன்று வருடமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை, மாஸ்டர் கொடுக்கும் பத்திரிகையைத் தவறாமல் வாங்கிக்கொள்கிறார். "துணிஞ்ச பெண். இண்டைக்குப் போனாத்தான் உங்களுக்கு விளங்கும்" என்றார். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே விளங்கிவிட்டது. மீன் பொரியும் வாசம். ஊரே விரதமிருக்க, அந்த ஒரு வீட்டில் மட்டும் வாவி மீன் எண்ணெயில் சீறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பெருமையோடு என்னைப் பார்த்தார்.

செல்வராணிக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. எங்களை இருக்கச் சொல்லி, அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். மனப்பாடமாக இருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். கடவுளை எப்போது விட்டீர்கள், ஏன்?

"நான் விடல்லயே" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க போனா எல்லாரும் ஒண்டைத்தான் சொல்றாங்க அண்ணன். என்ட மனுசன் வலைக்குப் போனவர். கரையில தோணி இருந்திச்சு, சைக்கிள் இருந்திச்சு, ஆள் இல்ல. கொண்டு போனது ஆரெண்டு தெரியா. மூண்டு வருசமாச்சு, மகனக் கூட்டிட்டுப் போய்த் தீர்த்தத்தில முழுக வையெண்டு ஐயரும் சொல்றார். அவர்ர தாயும் சொல்றா. பெத்த தாய். முழுக வச்சா என்ன அர்த்தம்? நானே அவரச் சாக்காட்டின மாதிரித்தானே. அதான் கோயிலுக்குப் போறல்ல. அவருக்கு உயிர் இருக்கைக்க நான் என்னத்துக்கு மரக்கறி சமைக்கிற? ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மீன் பொரிப்பன். ஊருக்கே மணக்கட்டும்."

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் தாற பத்திரிகை?"

"நல்ல பத்திரிகை மாஸ்டர். புள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க உதவுது."

நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மொட்டையையும் வண்ணக்கர் பதவியையும் வேலாப்போடியின் மழையையும் இந்தப் பெண்ணோடு ஒரே புத்தகத்தில் கட்டி, பேராசிரியருக்கு எதிராக வீச நான் வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

செல்வராணி எழுந்து போய் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார். நின்றபடியே கேட்டார். "மாஸ்டர், நீங்க வண்ணக்கராகப் போறீங்க எண்டு கதைக்கிறாங்க. மெய்யா?"

"இல்ல புள்ள. அது…"

"நீங்க ஆனா நல்லம். நான் தனியக் கேம்புக்குப் போனா வாசல்லயே கலைச்சிடுறாங்க. அண்டைக்கு இந்த அண்ணன வெளிய எடுத்தீங்களாம். வண்ணக்கர் வந்து நிண்டா அவங்க எழும்பி நிண்டு கதைப்பாங்களாம். என்னோட ஒருக்கா வருவீங்களா?"

நான் பார்த்தவரை மாஸ்டர் கணக்குப் போடவில்லை. "வாறன்" என்றார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கரூருக்குத் திரும்பிய பிறகு மாஸ்டரிடமிருந்து கடிதங்கள் வந்தன. செல்வராணியின் கணவனை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. மூன்று முகாமில் விசாரித்தார்கள், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. ஆனால் மாஸ்டர் போய் நின்றதில் வேறு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் அவரிடமே கணக்கில் பெயிலானவன். எங்கள் ஆசிரியரின் புத்தகம் வெளிவந்தது, உள்ளூர் ஆட்களை வைத்தே. என் கட்டுரையையும் கேட்டார். மொட்டையைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு, செல்வராணி வீட்டில் மீனும் சோறும் தின்றுவிட்டுத் திரும்பிய பிறகு, மாஸ்டர் வேட்டி மாற்றிக்கொண்டு சாமி அறை வாசலில் நின்றார். பவளம் அக்கா அமிர்தகழியிலிருந்து இன்னும் வரவில்லை.

"தம்பி, திருநீறு எங்க வச்சிருப்பாள்?"

இருவரும் தேடினோம். விளக்குக்குப் பின்னால், படத்துக்குக் கீழே, அரிசிப் பெட்டிக்குள். கடைசியில் ஒரு பவுடர் டின்னில் இருந்தது. மாஸ்டர் மூன்று விரலைத் தோய்த்து நெற்றியில் இழுத்தார். கோணலாகப் போனது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார், மூக்கில் கொட்டியது. பத்தொன்பது வருடத்தில் கைப்பழக்கம் போய்விட்டிருந்தது.

நான் டின்னை வாங்கினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றியில் மூன்று பட்டை, மார்பில் மூன்று, கைகளில் மூன்று, நேராக இழுத்துவிட்டேன். அப்பா எனக்குப் பூசிவிட்ட மாதிரி.

மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தடிப்பாப் பூசுங்க" என்றார். "வாசல்ல நிக்கிறவனுக்குத் தெரியணும்."